ஏரி, படகு, ஒரு நைட் டென்ட்: ஓசூர் சம்பளக்காரருக்கான கோடை டூர் கணக்கு

ஏப்ரல் வந்தாலே ஓசூர் சிப்காட் பக்கம் ரெண்டு பேச்சுதான். இன்க்ரிமென்ட் எவ்வளவு போட்டாங்க, லீவுக்கு எங்கே போறோம். முதல் பேச்சு கேன்டீன்லேயே முடிஞ்சிடும். ரெண்டாவது பேச்சு நம்ம கூடவே வீட்டுக்கு வரும். பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சிருக்கும், ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பாங்க, ஒரு ஹால் ஒரு பெட்ரூம் வீட்டில் அஞ்சு பேர். "எங்கேயாச்சும் தண்ணி இருக்கிற இடமா கூட்டிட்டுப் போப்பா"ன்னு அம்மா சொன்ன பிறகு தட்ட முடியாது.

போன்ல தேட ஆரம்பிச்சா வருவது எல்லாமே ஏரிக்கரை டென்ட், கேம்ப் ஃபயர், கயாக்கிங் ரீல்ஸ். "ஆளுக்கு இவ்வளவுதான்"னு கீழே ஒரு தொகை. அந்தத் தொகையை அஞ்சால பெருக்கிப் பார்த்துட்டு, சரி கார்டுல போட்டுக்கலாம்னு முடிவு பண்றோம். இந்தப் பதிவு அந்த முடிவைப் பத்தினதுதான். படகு சவாரி நம்ம மாவட்டத்துல பெரிய செலவே கிடையாது. எத்தனை ராத்திரி தங்குறோம், என்ன வண்டியில போறோம், யாரோட காசுல போறோம் என்கிற மூணும்தான் மொத்தத்தைத் தீர்மானிக்குது. இதோட, யாரும் பட்ஜெட்டில் எழுதாத ஒரு 20 ரூபாய் விஷயமும் இருக்கு. அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல, தண்ணி எங்கே இருக்கு?

நம்ம பக்கத்து நீர்நிலைகள் பெரும்பாலும் தென்பெண்ணையை நம்பி இருக்கிறவை. கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நம்ம எல்லைக்குள் வரும் ஆறு. முதலில் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. அடுத்து கிருஷ்ணகிரி அணை, நாம கே.ஆர்.பி. டேம்னு சொல்றது. அதைத் தாண்டினா சாத்தனூர்.

கெலவரப்பள்ளி வீட்டிலிருந்து கிட்டதான். ஆனா பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து, மழைக்காலத்துல மலை மாதிரி நுரை பொங்கி நிற்கிற படத்தை நீங்களே ஷேர் பண்ணியிருப்பீங்க. கரையில நின்னு பார்த்துட்டு வரலாம். குழந்தையை அந்தத் தண்ணியில இறக்கிக் குளிக்க விட நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள்ளேயே இருக்கிற ராமநாயக்கன் ஏரி சாயங்கால நடைக்கு ஓகே, டூர்னு சொல்லி அம்மாவைக் கூட்டிட்டுப் போனா திட்டு வாங்குவீங்க.

ஒரு நாள் போய்ட்டு வரணும்னா அவதானப்பட்டி ஏரியும் கே.ஆர்.பி. அணையும்தான் சரியான ஜோடி. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகிற வழியில அவதானப்பட்டி. படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் இருக்கு. அதே பக்கம் இன்னும் கொஞ்சம் போனா அணை. காமராஜர் முதல்வரா இருந்த 1950-களில் வந்த அணை இது. பூங்கா இருக்கு, நிழல் இருக்கு. அதைவிட முக்கியமா, அணைக்கு வெளியே மீன் வறுவல் கடைகள் இருக்கு. அணையைப் பார்க்கப் போறவங்களைவிட மீனுக்காகப் போறவங்கதான் அதிகம்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னும் கொஞ்சம் தூரம் போகத் தயார்னா ஒகேனக்கல். அது ஏரி இல்லை, காவிரி. பரிசல் அனுபவம் வேற ரகம். ஆனா நீர்வரத்து கூடினா பரிசலுக்குத் தடை போட்டுடுவாங்க. கர்நாடக அணைகள் திறக்கும் ஜூலைக்குப் பிறகுதான் இது அடிக்கடி நடக்கும், இருந்தாலும் கிளம்பும் அன்னைக்குக் காலையில செய்தி பார்த்துட்டுக் கிளம்புங்க. அஞ்செட்டி வழியா போனா ஓசூரிலிருந்து தூரம் குறைவு, ஆனா காட்டு வழி. இருட்டுறதுக்குள்ள திரும்புற மாதிரி திட்டம் போடணும்.

மலை வேணும்னா ஏலகிரியில புங்கனூர் ஏரி, 14 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் ஏரியும், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லமும் இருக்கு, 20 வளைவு. ரெண்டும் கிருஷ்ணகிரியைவிடக் குளிர்ச்சி. மே மாசம் கிருஷ்ணகிரி வெயில்ல மத்தியானம் படகு ஏறினவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

ஊட்டி, கொடைக்கானல் இந்தப் பட்டியல்ல இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ரெண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்தாச்சு. 2025 கோடையில வண்டிகளுக்குத் தினசரி உச்சவரம்பும் வெச்சாங்க. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அவ்வளவு பேர் மோதுற இடத்துக்கு நாமும் போய், சீசன் வாடகை கொடுத்து, டிராஃபிக்ல உட்கார்ந்துட்டு வரணுமான்னு நீங்களே யோசிங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணவன், மனைவி, ஒரு குழந்தை, அம்மா, அப்பா. மொத்தம் அஞ்சு பேர். சொந்தக் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். இனி வரும் தொகை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க.

ஓசூரிலிருந்து அவதானப்பட்டி, அணை, திரும்ப வீடு, சுமார் 135 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். பெட்ரோல் 900. டோல், பார்க்கிங், பூங்கா நுழைவு எல்லாம் சேர்த்து 400. படகு ஆளுக்கு 100 என்றால் 500. மீன் சாப்பாடு, காலை டிபன் 1,500. ஐஸ்கிரீம், இளநீர், பொம்மை, "அப்பா அது வேணும்" கணக்கு 500. ஆக மொத்தம் 3,800 ரூபாய். இதுல படகு 13 சதவீதம் மட்டும்தான்.

இப்ப ஏற்காடு, ஒரு ராத்திரி தங்கல். போக வர, அங்கே சுத்த எல்லாம் 400 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2,700. டோல், பார்க்கிங் 800. ரெண்டு ரூம், ஒவ்வொன்றும் 2,500, அதுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 5,250. ரெண்டு நாள் சாப்பாடு 4,500. படகு 800. இதர செலவு 950. சரியா 15,000. படகுக்கு இப்ப 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் வருது. ரூமும் சாப்பாடும் மட்டுமே பத்தாயிரத்தை நெருங்குது. ஒரே ஒரு ராத்திரி, செலவை நாலு மடங்கு ஆக்கிடுச்சு.

தங்கக் கூடாதுன்னு சொல்லலை. பெரியவங்களை வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல 400 கிலோமீட்டர் ஓட்டுறது கொடுமை. ஆனா செலவைக் குறைக்க நினைச்சா கை வைக்க வேண்டிய இடம் ரூமும் சாப்பாடும். "சரி, படகு வேண்டாம், கரையிலேயே உட்காருவோம்"னு குழந்தை முகத்தைச் சுருங்க வெச்சு 300 ரூபாய் மிச்சம் பிடிக்கிற பழக்கம் நிறைய அப்பாக்களுக்கு இருக்கு. வந்ததே அதுக்குத்தான் சார்.

ரூம் பில்லுல ஒண்ணு பாருங்க. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருக்கிற அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சாச்சு. பழைய 12 போட்டு யாராவது நீட்டினா கேளுங்க.

நம்ம ஊர்ல பலருக்கு இன்னொரு வசதி இருக்கு, அதை யாரும் வசதின்னு நினைக்கிறதில்லை. ஷிப்டு வேலையில வீக்லி ஆஃப் செவ்வாய், புதன்னு வரும். சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போக முடியலைன்னு திட்டிக்கிட்டே இருப்போம். டூருக்கு அதுதான் லாட்டரி. வார நாள்ல ரூம் வாடகை குறைவு, படகுக்கு வரிசை இல்லை, ரூம்காரர் கிட்ட பேரம்கூடப் பேசலாம்.

வண்டி விஷயம்

டோலுக்கு முதலில். ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்தது. தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அதுவரை. தனியார் கார், ஜீப், வேனுக்கு மட்டும். வருஷத்துக்கு ஒரு டூருக்காக இதை எடுக்கிறது வீண். ஆனா தருமபுரியோ சேலமோ சொந்த ஊரா இருந்து, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கார்ல கிருஷ்ணகிரி டோலைத் தாண்டுறவங்க இதை ஏற்கெனவே எடுத்திருக்கணும். அவங்களுக்கு டூர்ல டோல் கிட்டத்தட்ட இலவசம்.

சொந்தக் கார் இல்லாதவங்க நிறைய பேர் செய்யறது என்னன்னா, தெரிஞ்சவர் ஒருத்தரோட வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு எடுக்கிறது. "டிராவல்ஸைவிட ஆயிரம் ரூபாய் கம்மி"ன்னு சொல்வாங்க. தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசியில வாடகைக்கு விடக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கு. வாடகைக்கு ஓடும்போது விபத்துன்னா கம்பெனி க்ளெய்மை மறுக்கலாம். நட்புக்காகச் சும்மா கொடுத்தா அது வேற. காசு கை மாறினா கதை மாறுது. நாமளே ஓட்டணும்னா முறையா பதிவான செல்ஃப் டிரைவ் வண்டியை எடுங்க. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும், தூரத்திலேயே தெரியும். மஞ்சள் போர்டு வேன் எடுத்து அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகா போறதா இருந்தா, அந்த மாநில பெர்மிட், வரி யார் கட்டுறதுன்னு வேன்காரர் கிட்ட முதல் நாளே பேசி முடிச்சுடுங்க. பார்டர்ல நின்னு பேசற பேச்சு இல்லை அது.

15,000 ரூபாய் எங்கிருந்து வருது?

இந்தப் பதிவிலேயே கொஞ்சம் நிதானமா படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

அடுத்த கோடைக்கு 15,000 வேணும்னு இப்பவே தெரியும். மாசம் 1,250 ரூபாய்க்கு பேங்க்ல ஒரு வருஷ ஆர்டி. வட்டி 6.5 சதவீதம்னு வெச்சா 12 மாசத்துல நீங்க கட்டினது 15,000, வட்டியா சுமார் 525 ரூபாய் சேரும். பெரிய தொகை இல்லை, ஒரு வேளை மீன் சாப்பாடு.

அதே 15,000-ஐக் கார்டுல தேய்ச்சுட்டு, பில் வந்தப்ப முழுசா கட்டாம விட்டா? மாசம் 3.5 சதவீத வட்டி வைக்கிற கார்டுல ஒரு மாச வட்டி 525 ரூபாய். அந்த வட்டிக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 95 ரூபாய். மொத்தம் 620.

ரெண்டு 525-ஐயும் ஒரு தடவை பக்கத்துல வெச்சுப் பாருங்க. பன்னிரண்டு மாசம் ஒழுங்கா சேர்த்ததுக்கு பேங்க் உங்களுக்குக் கொடுக்கிற வட்டியை, கார்டு ஒரே மாசத்துல உங்ககிட்டேருந்து எடுத்துக்குது. மேல ஜிஎஸ்டி வேற.

"மினிமம் டியூ கட்டிட்டேன் ப்ரோ"ன்னு சொல்றவங்களுக்கு: 5 சதவீதம்னா 750 ரூபாய். அதுல 620 வட்டிக்கும் வரிக்கும் போயிடும். அசல்ல குறையறது 130 ரூபாய். தீபாவளி போனஸ் வரைக்கும் ஏற்காடு உங்க கூடவே வரும்.

கார்டே கூடாதுன்னு இல்லை. ஆர்டி காசு கையில இருக்கு, கார்டுல புக் பண்ணினா தள்ளுபடி கிடைக்குதுன்னா தாராளமா பண்ணுங்க, பில் தேதிக்கு முழுசா கட்டிடுங்க. "இப்ப போங்க, பிறகு கட்டுங்க" ஆப்களில் வட்டியில்லா இஎம்ஐன்னு வந்தா, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினா அபராதம் எவ்வளவுன்னு ரெண்டு வரி படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.

ஆர்டிக்கு ஒரு டிப். சம்பளம் வர்ற தேதிக்கு அடுத்த நாளே டெபிட் ஆகிற மாதிரி வைங்க. 20-ம் தேதி வெச்சா எந்த மாசமும் பேலன்ஸ் இருக்காது. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க, ஓவர்டைமை நம்பி வாழ்றவங்க 1,250-க்குப் பதிலா 500-ல ஆரம்பிங்க. ஒரு வருஷத்துல 6,000. அவதானப்பட்டியும் அணையும் ஒரு தடவை போயிட்டு வந்து மிச்சமும் இருக்கும். டூர் நம்ம ஆர்டி சைஸுக்கு வரணும்.

ஆபீஸ்ல எல்டிஏ இருக்கே, அதுல வரிச்சலுகை கிடைக்காதான்னு நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி. பழைய வரி முறையில இருந்தா கிடைக்கும். நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணம். இப்போ நடக்கிற பிளாக் 2026 முதல் 2029 வரை. ஆனா விலக்கு பயணக் கட்டணத்துக்கு மட்டும். ரூம், சாப்பாடு, படகு எதுவும் அதுல சேராது. புதிய வரி முறையில எல்டிஏ விலக்கே இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து சம்பளக்காரங்களுக்கு 12.75 லட்சம் வரை புதிய முறையில வரி வராததால, நம்ம வாசகர்கள் பெரும்பாலானவங்களுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை.

டென்ட் வாங்கலாமா?

"ஒரே தடவை வாங்கிட்டா போதும்ல, காலத்துக்கும் இருக்குமே." கேட்க நல்லா இருக்கு. டென்ட், அஞ்சு பேருக்குப் படுக்கை, விளக்கு, சின்ன அடுப்பு எல்லாம் 12,000 ரூபாய்னு வைப்போம். கேம்ப் நடத்துறவங்க ஆளுக்கு 1,200 வாங்கினா அஞ்சு பேருக்கு ஒரு ராத்திரி 6,000. ரெண்டு தடவையில காசு வந்துடும்னு தோணும். வராது. சொந்த டென்ட்னாலும் அடிக்க இடம் வேணும், அதுக்கு வாடகை உண்டு, சாப்பாடு உண்டு. அது 2,500 ஆனா ஒரு டூருக்கு மிச்சம் 3,500-தான். நாலாவது டூர்லதான் லாபம் ஆரம்பிக்கும். வருஷம் ஒண்ணுன்னா நாலு வருஷம். அதுவரைக்கும் அந்த மூட்டை உங்க பரண் மேல இருக்கும், வாடகை வீடு மாறும்போதெல்லாம் கூடவே வரும்.

இன்னொரு பிரச்சினை, அந்த டென்டை எங்கே அடிப்பீங்க? அணைக்கரை நீர்வளத்துறை இடம், காடு வனத்துறை இடம். காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ராத்திரி தங்குறது குற்றம். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானைகள் நடமாடுற ஊர். 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இந்தப் பக்கத்துக் காடுகள் வனவிலங்கு சரணாலயங்களா அறிவிக்கப்பட்டிருக்கு. பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டம் கூட்டமா வந்து, ராயக்கோட்டை ரோட்டுல சானமாவு காட்டுல யானை நிக்குதுன்னு எச்சரிக்கை வர்றது ஓசூர்க்காரங்களுக்குப் புதுசு இல்லை. யானை ராத்திரி தண்ணிக்கு ஏரிக்குத்தான் வரும். நாம அங்கே பார்பிக்யூ வாசனையோட படுத்திருக்கிறது நல்ல யோசனை இல்லை.

அதனால டென்ட்னா அனுமதியோட நடத்துறவங்க கிட்ட மட்டும். தமிழ்நாடு சுற்றுலாத்துறையில கேம்ப் நடத்துறவங்களுக்கும் சாகசச் சுற்றுலா நடத்துறவங்களுக்கும் பதிவு முறை இருக்கு. "பதிவு எண் சொல்லுங்க"ன்னு கேளுங்க. சங்கடப்படாம சொன்னா புக் பண்ணுங்க. அட்வான்ஸ் முழுசையும் ஒரு தனி நபர் யுபிஐக்கு அனுப்பச் சொன்னா ரெண்டு தடவை யோசிங்க. சீசன்ல பெரிய ஹோட்டல்கள் பேர்லயே போலி வெப்சைட் ஓடும். அரசு விடுதின்னா சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சொந்தத் தளத்துலயே புக் பண்ணிடலாம். பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணணும், மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அப்புறம் அம்மா அப்பா. மூட்டு வலியோட தரையில படுத்து எழுந்திருக்கிறது, ராத்திரி டார்ச் அடிச்சு டாய்லெட் தேடிப் போறதெல்லாம் ரீல்ஸ்ல வராது. மே மாசம் சமவெளியில டென்டுக்குள்ள காத்தும் வராது. ஏலகிரி, ஏற்காடு மாதிரி இடத்துல பெரியவங்களுக்கு ஒரு ரூம், பக்கத்துலயே பசங்களோட உங்களுக்கு ஒரு டென்ட்னு கிடைச்சா அதுதான் எல்லாருக்கும் நல்லது.

படகில் ஏறும் முன்

2023 மே 7. ஞாயிற்றுக்கிழமை, கேரளா, மலப்புறம் மாவட்டம் தானூர். லீவுக்கு வந்த குடும்பங்கள் ஏறின உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. அதுல 11 பேர் ஒரே குடும்பம். அளவுக்கு மீறி ஆள் ஏத்தியிருந்தாங்க, இருட்டின பிறகும் படகு ஓடியிருக்கு. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில 45 பேர். 2024 ஜனவரி 18-ல் வதோதரா ஏரியில பள்ளிச் சுற்றுலா வந்த 12 பசங்களும் 2 ஆசிரியர்களும். நம்ம தமிழ்நாட்டிலேயே 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பழவேற்காட்டில் உல்லாசமா படகுல போன உறவுக்காரங்க 22 பேர்.

டூர் பதிவுல இது எதுக்குன்னு நினைக்காதீங்க. இந்தச் செய்திகள்ல திரும்பத் திரும்ப வர்றது ரெண்டுதான்: அளவுக்கு மேல ஆள், போடாத லைஃப் ஜாக்கெட். ரெண்டையும் நாம கரையிலேயே பார்க்க முடியும். படகுல எத்தனை பேர்னு போர்டு இருக்கும், எண்ணிப் பாருங்க. கூட ரெண்டு பேர் ஏறினா இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்க. டிக்கெட் காசு போனாலும் போகட்டும். குழந்தைக்குப் பெரியவங்க ஜாக்கெட்டை மாட்டினா தண்ணியில விழும்போது தலை வழியா கழண்டு வந்துடும். குழந்தை சைஸ் கேளுங்க, இல்லைன்னா ஏத்தாதீங்க. கோடை மழை நம்ம பக்கம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் இடி, காத்தோட வரும். படகைக் காலையிலேயே முடிச்சுட்டு, மத்தியானம் மீனுக்கு ஒதுங்குங்க.

இப்ப அந்த 20 ரூபாய். பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயசு வரை, பேங்க் அக்கவுண்ட் இருக்கிற யாரும் சேரலாம். வருஷம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். தண்ணியில மூழ்குறதும் விபத்துதான், போலீஸ்ல பதிவாகியிருக்கணும். உங்களுக்கு மட்டும் இல்லை, மனைவிக்கும், 70 தாண்டாத அம்மா அப்பாவுக்கும் அவங்கவங்க அக்கவுண்ட்ல போடுங்க. நாலு பேருக்கு 80 ரூபாய், ஒரு படகு டிக்கெட்கூட இல்லை.

சம்பாதிக்கிற ஆளுக்கு 2 லட்சம் எந்த மூலைக்கும் பத்தாது, அதுக்கு டேர்ம் பாலிசியும் தனி விபத்துப் பாலிசியும் வேணும். தனி விபத்துப் பாலிசி எடுத்திருக்கிறவங்க, சாகச விளையாட்டு விலக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. குடிச்சிருந்தா க்ளெய்ம் இல்லைங்கிற நிபந்தனை அநேகமா எல்லாத்திலும் உண்டு. ஏரிக்கரை கேம்ப்ல பாட்டில் திறக்கிற நண்பர்கள் இதை ரெண்டு தடவை படிங்க.

பிஎஃப் பிடிக்கிற எல்லாருக்கும் இன்னொரு பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கு, பலருக்குத் தெரியாது. இடிஎல்ஐ திட்டத்துல, வேலையில இருக்கும்போது இறந்தா குடும்பத்துக்கு 7 லட்சம் வரை. பிரீமியம் கம்பெனி கட்டுது. ஆனா நாமினி சரியா இருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேர்ல போட்ட பிஎஃப் நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதுசா போடணும். யுஏஎன் போர்ட்டல்ல இ-நாமினேஷன் பத்து நிமிஷ வேலை. டூர் பேக் பண்ற ராத்திரி செய்யலாம்.

சுரக்ஷா பீமா வருஷக் கணக்கு ஜூன் 1-ல் ஆரம்பிச்சு மே 31-ல் முடியுது. டூர்ல காசு கரைஞ்சு அக்கவுண்ட் காலியா இருக்கிற அதே மே கடைசியிலதான் ஆட்டோ டெபிட் வரும். பேலன்ஸ் இல்லைன்னா புதுப்பிக்காது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ரோட்டோரம் மாம்பழம் வாங்க யுபிஐ திறப்பீங்கல்ல, அப்பவே அக்கவுண்ட்ல ஒரு 500 ரூபாயை விட்டு வைங்க. அம்மா அப்பா அக்கவுண்டையும் பார்த்துடுங்க, அவங்க பேங்க் எஸ்எம்எஸ் படிக்க மாட்டாங்க.